மண்ணைச் சோதித்தோம், ஆளைக் கேட்கவில்லை

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. இன்றைக்கு எழுத வந்த விஷயம் டிரை கிளீனிங். 'இதுல எழுத என்னய்யா இருக்கு' என்று நினைப்பவர்கள் எழுந்து போய் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு, கம்பி ஹேங்கரில் தொங்கும் கோட்டு ஒன்றாவது இருக்கும். ஊரிலிருந்து மடித்துக் கொண்டு வந்த பட்டுப்புடவை நாலாவது இருக்கும். அதைப் பற்றித்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேதியியல் படித்தவன் இல்லை. பி.காம். கலிஃபோர்னியாவில் ஒரு வங்கியில் சிறுதொழில் கடன் பார்க்கிற வேலை. அந்த வேலையில் கையில் வந்து சேர்ந்த விஷயம் இது.

கொஞ்ச நாள் முன்னால், தெரிந்த தம்பி ஒருவர் வந்தார். மேட்டூர்க்காரர். சாஃப்ட்வேர் வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று முடிவு செய்து, ஒரு டிரை கிளீனிங் கடையைக் கட்டடத்தோடு விலை பேசி வைத்திருந்தார்.

"அண்ணே, முப்பது வருஷக் கடை. வாடிக்கை அப்படியே நிக்குது. அந்த பெர்க் மெஷின்கூட இப்ப இல்லீங்க, எப்பவோ மாத்திட்டாங்க."

"மெஷினை மாத்தலாம் தம்பி, மண்ணை மாத்த முடியாதே" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பத்து வருடம் முன்னால் எனக்கும் புரிந்திருக்காது.

டிரை என்றால் காய்ந்தது இல்லை

டிரை கிளீனிங் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. துணி நன்றாக நனையத்தான் செய்கிறது. தண்ணீரில் நனைவதில்லை, அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் கம்பளி சுருங்கும், சில பட்டுகள் சாயம் விடும். அதனால் தண்ணீருக்குப் பதில் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற ஒரு திரவத்தில் போட்டு உருட்டி எடுக்கிறார்கள்.

ஆரம்பத்தில் டர்பன்டைன், பெட்ரோல் மாதிரி சரக்குகள்தான். அழுக்கு போகும், கடையும் சேர்ந்து போகும். அத்தனை தீ விபத்துகள். தீப்பிடிக்காத ஒன்று வேண்டும் என்று தேடியதில் கிடைத்தவை குளோரின் சேர்ந்த திரவங்கள். முதலில் கார்பன் டெட்ராகுளோரைடு வந்தது. அது கல்லீரலைக் கெடுக்கிற வேகம் தெரிந்ததும், 1930-களிலிருந்து அந்த இடத்தைப் பிடிக்க ஆரம்பித்தது பெர்க்குளோரோஎத்திலீன். டெட்ராகுளோரோஎத்திலீன் என்றும் சொல்வார்கள். கடைக்காரர்கள் வாயில் சுருக்கமாக 'பெர்க்'.

இதை முதலில் செய்து பார்த்தவர் மைக்கேல் ஃபாரடே, 1821-இல். அப்போது அது ஆய்வகத்துச் சங்கதி. அதைத் தொழிற்சாலைச் சரக்காக்கியது குளோரின் வியாபாரம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மேட்டூரைச் சொன்னால் புரியும். 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. அணையிலிருந்து மின்சாரம், கூட உப்பு. உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, இன்னொரு பக்கம் குளோரின். ஒன்று வேண்டுமென்றால் மற்றதும் வந்தே தீரும். உலகம் முழுக்க இந்தத் தொழிலுக்கு இதுதான் கணக்கு. சோப்புக்கும் காகிதத்துக்கும் காஸ்டிக் சோடா போனது. குளோரினுக்கு வேலை தேட வேண்டியிருந்தது. அப்படித் தேடியதில் கிடைத்த வேலைகளில் ஒன்றுதான் இந்தக் கரைப்பான்கள்.

வியாபாரிக் கண்ணால் பார்த்தால் பெர்க் ஒரு தங்கம். தீப்பிடிக்காது. பிசுக்கை அருமையாகக் கரைக்கும். 121 டிகிரியில் கொதிக்கும், அதனால் காய்ச்சி வடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். துணிக்கு மட்டுமா? இரும்புச் சாமான்களில் கிரீஸ் எடுக்க, காருக்கு பிரேக் துடைக்கும் ஸ்பிரேயில், ஏ.சி., ஃபிரிட்ஜுக்கான குளிர்வாயுக்கள் தயாரிக்க மூலப்பொருளாக என்று எல்லா இடத்திலும் இருந்தது. ஒரு காலத்தில் மருந்தாகக்கூட இருந்தது தெரியுமா? 1925-இல் கொக்கிப்புழுவுக்கு இது நல்ல மருந்து என்று கண்டுபிடித்து, பல பத்தாண்டுகள் வெப்ப நாடுகளில் மனிதர்களுக்கு விழுங்கக் கொடுத்தார்கள்.

'மருந்தாவே குடுத்திருக்காங்க, அப்புறம் என்ன விஷம்' என்று கேட்கலாம். ஒரு தடவை விழுங்குவது வேறு, முப்பது வருடம் தினமும் பத்து மணி நேரம் மூச்சில் இழுப்பது வேறு. கடனில் வட்டிக்கு வட்டி ஏறுகிற மாதிரிதான் இதுவும். அசல் சின்னதாகத்தான் இருக்கும்.

மெஷின் பக்கத்தில் நிற்பவர்

பெர்க் ஆவி காற்றைவிட ஐந்து மடங்குக்கு மேல் கனம். கீழே தங்கும், மூலையில் தேங்கும். மூச்சு வழியாக ரத்தத்துக்குப் போய், உடம்பின் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நாள் கணக்கில் மெல்ல மெல்ல மூச்சிலேயே வெளியே வரும். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பக்கத்தில் போட்டுப் படுத்திருப்பவர் விடுகிற மூச்சிலும் அது இருக்கும்.

அதிகமாக இழுத்தால் உடனே தெரியும்: தலைசுற்றல், தலைவலி, மப்பு, மிதமிஞ்சிப் போனால் மயக்கம். நாள்பட்டால் கல்லீரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம், நிறங்களைப் பிரித்தறியும் பார்வை என்று ஒவ்வொன்றாகத் தொடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் இதை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. 2012-இல் மறுபடி எல்லா ஆதாரங்களையும் எடுத்துப் பார்த்து அதே இடத்தில்தான் வைத்தது. டிரை கிளீனிங் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதுதான் அங்கே முக்கியமாகப் பேசப்பட்டது.

எல்லாரும் ஒரே அளவில் இதைச் சுவாசிக்கவில்லை. பழைய கடைகளில் துவைக்கும் மெஷின் தனி, காய வைக்கும் மெஷின் தனி. பெர்க் சொட்டச் சொட்டத் துணியைக் கையால் அள்ளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். பிறகு இரண்டும் ஒன்றான மெஷின்கள் வந்தன, அதற்குப் பிறகு ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிறவை, கரியில் உறிஞ்சுகிறவை. ஒவ்வொரு தலைமுறை மெஷினிலும் ஆவி குறைந்தது. ஆனாலும் வடிகலனின் அடியில் தங்கும் கசடைச் சுரண்டி எடுக்க ஓர் ஆள் குனிந்தே ஆக வேண்டும்.

வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பெர்க் இருந்தால்தான் பெரும்பாலோர் மூக்குக்கு அந்த இனிப்பு வாசனை எட்டும். அமெரிக்காவில் 1971-இல் வேலையிடங்களுக்கு வைத்த எல்லை, எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 100 பங்கு. 2024-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தொடர அனுமதித்த தொழிற்சாலைப் பயன்பாடுகளுக்குப் புதிதாக எழுதிய எல்லை 0.14 பங்கு. ஏறக்குறைய 700 மடங்கு வித்தியாசம். வாசனை வருகிறது என்றால் புதிய கணக்குப்படி எப்போதோ எல்லை தாண்டியாயிற்று.

1977-இல் கனடாவின் மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு சம்பவத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆறு வாரக் கைக்குழந்தைக்கு மஞ்சள் காமாலை. காரணம் தேடிப் போனார்கள். அப்பா தோல் உடைகளைச் சுத்தம் செய்யும் கடையில் வேலை. அம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பார்க்கக் கடைக்குப் போய் வருவார். அவ்வளவுதான். தாய்ப்பாலில் பெர்க் இருந்தது. தாய்ப்பாலை நிறுத்தியதும் குழந்தை தேறியது. அந்த அம்மா அங்கே வேலை பார்த்தவர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் நம்ம கோட்டு?

இதைப் படித்ததும் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன்.

2011-இல் வாஷிங்டனிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளிக்கூட மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கிய ஆய்வு அது. துணித்துண்டுகளைச் சட்டைக்கோட்டுகளின் உள்ளே தைத்து, சாதாரணக் கடைகளில் டிரை கிளீனிங்குக்குப் போட்டு வாங்கி, எவ்வளவு பெர்க் தங்கியிருக்கிறது என்று அளந்தார்கள். கம்பளியில் நிறையத் தங்கியது. ஒவ்வொரு தடவை போடும்போதும் அளவு கூடியது. பட்டில் தங்கவில்லை. ஆக, பட்டுப்புடவைக்குப் பயப்படுகிற நாம் பயப்பட வேண்டியது குளிர்காலக் கோட்டுக்கு.

அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். பெர்க்கில் சுத்தம் செய்த துணியை உடுத்துவதால் கவலைப்படும் அளவுக்கு ஆபத்து இல்லை என்பதுதான் 2012-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொன்னது. உடுத்துகிற நமக்கு வருவது சொட்டு, மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு வருவது குடம். பயத்தை அந்த விகிதத்தில் பங்கு போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. நாம் செய்வது நேர் எதிர். நம் கோட்டில் வாசனை அடித்தால் கூகுளில் தேடுகிறோம். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவரின் மூச்சைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

மண்ணுக்குள் போனால்

சரி, தம்பி கதைக்கு வருகிறேன்.

பெர்க் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். தண்ணீரில் விழுந்தால் அடியில் போய் உட்காரும். தரையில் சிந்தினால் கான்கிரீட் தளத்தின் வழியாகவே மெல்ல இறங்கும். மண்ணைத் தாண்டி, நிலத்தடி நீரைத் தாண்டி, களிமண் அடுக்கு தடுக்கிற வரை கீழே போகும். அங்கிருந்து ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். ஆவி மேலே ஏறிக் கட்டடங்களுக்குள் வரும். குடிதண்ணீரில் அமெரிக்கா அனுமதிக்கும் உச்ச அளவு நூறு கோடிப் பங்கில் 5 பங்கு. ஒரு டம்ளர் பெர்க் எவ்வளவு தண்ணீரைக் கெடுக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் என்று ஒரு ராணுவ முகாம். வெளியே இருந்த ஒரு டிரை கிளீனிங் கடையின் கழிவு, செப்டிக் டேங்க் வழியாக நிலத்தில் இறங்கி, சிப்பாய்களின் குடும்பங்கள் வசித்த டராவா டெரஸ் குடியிருப்பின் கிணறுகளுக்குப் போய்விட்டது. 1985 பிப்ரவரியில் அங்கே குழாய்த் தண்ணீரில் அளந்தது 215 பங்கு. அனுமதி அளவைப் போல 43 மடங்கு. முகாமின் இன்னொரு பகுதித் தண்ணீரில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற அதன் தம்பிமுறைக் கரைப்பான், வேறு வழிகளில் கலந்திருந்தது. 1953 முதல் 1987 வரை இந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள், குளித்தார்கள். அங்கே பணியாற்றியவர்களுக்கு பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு, கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில் இருந்தவர்களைவிட 70 சதவீதம் அதிகம் என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. அதற்கு டிரைகுளோரோஎத்திலீனைத்தான் முக்கியமாகச் சந்தேகிக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட வழிவிடும் சட்டம் வந்தது 2022-இல். தண்ணீர் கெட்டது அப்பாக்கள் காலத்தில், நீதி கேட்டது பிள்ளைகள் காலத்தில்.

இதனால்தான் இந்த ஊரில் டிரை கிளீனிங் கடை என்றாலே வங்கிகள் நிமிர்ந்து உட்காரும். 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, அசுத்தத்தைச் செய்தவர் மட்டுமல்ல, இப்போதைய நிலச் சொந்தக்காரரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பாகலாம். அது லட்சக்கணக்கான டாலருக்குப் போகும். அதனால் முதல் கட்ட ஆய்வு: பழைய ஆவணங்கள், இடத்தைச் சுற்றிப் பார்த்தல், விசாரணை. சந்தேகம் வந்தால் இரண்டாம் கட்டம்: துளை போட்டு மண்ணையும் தண்ணீரையும் மண்ணுக்குள் இருக்கும் காற்றையும் எடுத்துச் சோதித்தல்.

தம்பி கேட்ட இடத்தில் இரண்டாம் கட்டம் வரை போனது. பெர்க் இருந்தது. கடன் இல்லை என்று ஆயிற்று.

தம்பிக்கு வருத்தம். எனக்கு வருத்தம் அதை விற்க வந்தவரைப் பார்த்து. கொரியாக்காரர், எழுபது வயது இருக்கும். இந்த நாட்டில் டிரை கிளீனிங் கடைகளில் பெரிய பங்கு கொரியக் குடும்பங்களுடையது. ஆங்கிலம் சரளமாக வராத, ஆனால் உழைக்கத் தயங்காத குடும்பம் கால் ஊன்ற ஏற்ற தொழில் அது. புருஷன் மெஷினில், மனைவி தையல் மெஷினில், பிள்ளை கவுண்டருக்குப் பின்னால் வீட்டுப்பாடத்தில். கடையை விற்ற பணத்தில்தான் ஓய்வுக்காலம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தப் பணம் இப்போது மண்ணுக்கு அடியில்.

பேச்சுவாக்கில் அவர் சொன்னார், பழைய மெஷின் இருந்த நாட்களில் கசடை அவரேதான் சுரண்டுவாராம். சாயங்காலம் தலை லேசாகச் சுற்றும், ஒரு காபி குடித்தால் சரியாகிவிடும் என்று சிரித்தார். இருபது வருடம் அப்படி.

அன்றைக்கு ராத்திரி அந்த ஆய்வறிக்கையை எடுத்து மறுபடி புரட்டினேன். மண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக. தண்ணீர், ஆவி, பக்கத்துக் கடை, வாகன நிறுத்துமிடம், எல்லாம். முப்பது வருடம் அதே இடத்தில் நின்று அதே ஆவியைக் குடித்த மனிதரைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அது வங்கியின் பணத்தைக் காப்பாற்ற எழுதப்பட்ட அறிக்கை. மண்ணுக்கு அடமான மதிப்பு உண்டு. ஆளுக்கு இல்லை.

எங்கள் ஊர் வெள்ளாவி

எனக்கு உடனே கோபிநத்தம் ஞாபகம் வந்தது. பெயரைச் சொன்னதும் எல்லாரும் மீசையைத்தான் கேட்பார்கள், அதை விடுங்கள். அப்போது மைசூர் மாவட்டம், 1997-க்குப் பிறகு சாமராஜநகர் மாவட்டம். கர்நாடகத்துக்குள் இருக்கிற தமிழ் ஊர். பாலாறு தாண்டினால் மேட்டூர் ரோடு.

ஊரில் துணி வெளுக்க ஒருவர் இருந்தார். உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, பானைமேல் அடுக்கி, ராத்திரி முழுக்க நெருப்பு எரித்து ஆவியில் வேக வைப்பார். வெள்ளாவி. விடிந்ததும் கல்லில் அடித்துத் துவைப்பார். பட்டு என்றால் பூந்திக்கொட்டை. அவர் உள்ளங்கை எப்போதும் வெளுத்து, வெடித்து, விரலிடுக்கில் புண்ணாக இருக்கும். நாங்கள் சின்னப் பையன்கள், எங்கள் அப்பாவைவிட மூத்த அவரைப் பெயர் சொல்லி 'வா, போ' என்று கூப்பிட்டோம். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கையைப் பற்றி யாரும் கேட்டதும் இல்லை.

உவர்மண்ணுக்கும் பெர்க்குக்கும் நடுவே எவ்வளவோ தூரம். ஆனால் கணக்கு ஒன்றுதான். நம் துணி வெள்ளையாக இன்னொருத்தர் உடம்பில் விலை கொடுக்கிறார், அந்த விலை பில்லில் வராது. ஊரில் அதற்குச் சாதி என்று பெயர். இங்கே அதற்குச் சேவைத் தொழில் என்று பெயர்.

சட்டம் என்ன செய்தது

கலிஃபோர்னியா இதில் முன்னால் போனது. 2007-இல் முடிவெடுத்து, 2008-இலிருந்து புதிய பெர்க் மெஷின் கூடாது, 2023 ஜனவரி 1-க்குள் எல்லா மெஷினும் போக வேண்டும் என்றது. மத்திய அரசு 2006-இல் போட்ட விதிப்படி, குடியிருப்புக் கட்டடங்களுக்குள் இருந்த பெர்க் மெஷின்கள் 2020 டிசம்பரோடு முடிய வேண்டும். நாடு முழுக்க டிரை கிளீனிங்கில் பெர்க்கைப் பத்து ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதி 2024 டிசம்பரில் வந்தது. அதை எதிர்த்து வழக்குகளும் போடப்பட்டன.

கணக்குப் பிள்ளையாக எனக்குப் பிடித்தது கலிஃபோர்னியா 2003-இல் கொண்டு வந்த ஏற்பாடு. பெர்க் ஒரு கேலனுக்கு 3 டாலர் கட்டணம், ஆண்டுக்கு ஒரு டாலர் கூடும். அந்தப் பணத்தில், நச்சில்லாத முறைக்கு மாறும் கடைக்கு 10,000 டாலர் மானியம். விஷத்துக்கு வரி, மாறுகிறவனுக்குக் கை. இதுதான் நியாயமான கணக்கு. வெறுமனே தடை போட்டுவிட்டு, புது மெஷின் செலவை அந்த எழுபது வயதுக்காரர் தலையில் கட்டினால் அது பாதி நியாயம்தான்.

'தடை போட்டால் சின்னக் கடைக்காரன் அழிஞ்சு போவான், பாவம்' என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அவர் கடையைக் காப்பாற்ற அவர் கல்லீரலைக் கேட்பது என்ன இரக்கம்? மாறுகிற செலவில் ஒரு பங்கை அரசு கொடுக்கட்டும், ஒரு பங்கை வங்கி குறைந்த வட்டியில் கொடுக்கட்டும், ஒரு பங்கை நாம் கொடுப்போம். சட்டைக்கு ஒரு டாலர் கூடினால் நாம் ஒன்றும் தெருவுக்கு வந்துவிட மாட்டோம்.

மாறும்போது ஒரு பள்ளமும் உண்டு. பெர்க்குக்குப் பதில் என்று ஒரு காலத்தில் 1-புரோமோபுரோப்பேன் என்ற சரக்கை விற்றார்கள். அதைப் பயன்படுத்திய நியூஜெர்சி டிரை கிளீனிங்காரர் ஒருவருக்கு நரம்புப் பாதிப்பு வந்ததை 2008-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே வெளியிட்டது. அதனால் கடை வாசலில் 'ஆர்கானிக்' என்று போர்டு பார்த்து மயங்காதீர்கள். வேதியியலில் கார்பன் சேர்மங்களில் பெரும்பாலானவை ஆர்கானிக்தான். பெர்க்கும் ஆர்கானிக்தான் :-)

ஊரில் நிலைமை வேறு. 'பெட்ரோல் வாஷ்' என்ற போர்டை நான் முதலில் பார்த்தது மேட்டூரில். மினரல் டர்பன்டைன் மாதிரி பெட்ரோலியக் கரைப்பான்களும் நம் நாட்டில் நிறையப் புழங்குகின்றன. அதில் தீ பயம். பெரிய நகரங்களில் நவீன மெஷின் என்றால் பெர்க்கும் உண்டு. லீவுக்குப் போகும்போது அங்கேயும் கேளுங்கள். கேட்கிற வாடிக்கையாளர் இருந்தால்தான் பதில் சொல்லும் கடை வரும்.

நாம் செய்யக் கூடியது

பெரிதாக ஒன்றுமில்லை.

'டிரை கிளீன் ஒன்லி' என்று லேபிளில் போட்டதை எல்லாம் வேதவாக்காக எடுக்க வேண்டாம். தண்ணீரில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மென்மையாகத் துவைக்கும் 'வெட் கிளீனிங்' கடைகள் இருக்கின்றன. கம்பளிக் கோட்டுக்குப் பெரும்பாலும் அது போதும். ஜரிகைப் பட்டுக்கு முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் நேராகக் கேளுங்கள்: என்ன கரைப்பான் போடுகிறீர்கள்? பெர்க் என்றால், துணி வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி ஒரு நாள் பால்கனியிலோ கராஜிலோ ஆற விடுங்கள். உறையோடு படுக்கையறை அலமாரியில் பூட்ட வேண்டாம். காரில் கொண்டு வரும்போது ஜன்னல் கண்ணாடியை இறக்குங்கள்.

வீடு வாங்குகிறவர்கள் பள்ளிக்கூட ரேட்டிங் பார்ப்பதோடு, கலிஃபோர்னியாவில் இருந்தால் மாநில நீர் வாரியத்தின் ஜியோட்ராக்கரில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். இலவசம். நம் ஆட்கள் கூட்டமாக இருக்கிற சாண்டா கிளாரா கவுண்டியில்தான் நாட்டிலேயே அதிகமாக, 23 சூப்பர்ஃபண்ட் இடங்கள். பெரும்பாலும் சிப் தயாரித்த காலத்துக் கரைப்பான்கள். பயப்படச் சொல்லவில்லை, தெரிந்து வாங்கச் சொல்கிறேன்.

தொழிலாக இந்தக் கடையை வாங்க நினைப்பவர்கள், விலை பேசும் முன் மண் அறிக்கையைக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அறிக்கை உங்களைக் கேட்கும்.

தம்பி இப்போது வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கொரியாக்காரர் கடையை இன்னும் தானே நடத்துகிறார். போன வாரம் கோட்டை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குத்தான் போனேன். சிறுநீரகம், கல்லீரல், நரம்பு எல்லாம் டாக்டரிடம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இத்தனை வருடம் பெர்க்கில் இருந்ததைச் சொல்லியே பாருங்கள் என்றேன். இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் என்ன வேலை செய்தாய் என்று கேட்டதில்லை என்றார்.

அதற்குப் பிறகு, டிரை கிளீனிங், பெயிண்ட், மெக்கானிக் ஷாப் என்று எந்தக் கடன் விண்ணப்பம் வந்தாலும் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்கிறேன். "உங்க உடம்பு எப்படி இருக்கு?" கடன் கொடுப்பதற்கும் கொடுக்காததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சும்மா கேட்கிறேன். பதில் சொல்ல நிறையப் பேருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

பி.கு.: நான் டாக்டர் இல்லை. வீட்டில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இருந்தால், என் பேச்சோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். என்ன வேலை செய்கிறோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.